புள்ளி போய்விட்டது என்று நினைத்தேன், மூன்று மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது. மெரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி), அவசர உதவி

உப்புக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். 300 லிட்டர் மெரைன் டேங்க், ஓடத் தொடங்கி 14 மாதம் ஆகிறது. மீன்கள்: இரண்டு ஒசெல்லாரிஸ் க்ளவுன், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, அப்புறம் ஐந்து வாரத்துக்கு முன் வாங்கிய நீல டாங். கூடவே இரண்டு கிளீனர் இறால், நத்தைகள், ஹெர்மிட் நண்டுகள், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்), மூன்று ஹேமர் கோரல். உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10.

டாங்கை வாங்கிய கையோடு நேராகத் தொட்டியில் விட்டுவிட்டேன். தப்புதான், திட்டுவதானால் கடைசியில் திட்டுங்கள். பத்தாவது நாள் அதன் உடம்பிலும் துடுப்பிலும் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். பாறையில் போய் உரசிக்கொண்டே இருந்தது. பயந்துபோய் தீனியில் பூண்டுச் சாறு ஊற வைத்துக் கொடுத்தேன். நாலாவது நாள் ஒரு புள்ளி இல்லை, சுத்தமாகப் போய்விட்டது. பூண்டு வேலை செய்கிறது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் ஆயிற்று. ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்ப வந்தது. அதுவும் போய், இப்போது மூன்றாவது முறை. டாங் மட்டுமில்லை, க்ளவுன், கிராமா எல்லாவற்றின் மேலும் இருக்கிறது.

என் கேள்விகள்: தொட்டியிலேயே காப்பர் (செம்பு) மருந்து ஊற்றலாமா? வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றினால் சாகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், உண்மையா? இன்னும் இரண்டு கிளீனர் இறால் வாங்கி விட்டால் தின்று தீர்த்துவிடுமா? கோரல்களுக்கு ஒன்றும் ஆகாத மருந்து என்று ஒரு பாட்டில் கடையில் காட்டினார்கள், வாங்கலாமா?

பழைய_தொட்டி:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில்: தொட்டியில் காப்பர் ஊற்றவே ஊற்றாதீர்கள். இறால், நத்தை, கோரல் எல்லாம் போய்விடும். அதோடு பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் ஊற்றிய அளவு தண்ணீரில் நிற்காது, அதனால் மீனும் குணமாகாது. அந்தப் பாறை அப்புறம் எப்போது காப்பரைத் திருப்பிக் கக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது புள்ளி ஏன் போனது, ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். கடல் மீனுக்கு வரும் இந்த வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ். நன்னீர் மீனுக்கு வருவது வேறு ஜந்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான் உறவு. வெப்பத்தை ஏற்றுகிற வைத்தியம் அந்த நன்னீர் ஆளுக்கு உரியது. இதற்கு 30 டிகிரி என்பது சுகமான வெயில், வேகமாகப் பெருகும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும்.

மீன் மேல் நீங்கள் பார்க்கும் புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். மூன்றிலிருந்து ஏழு நாள் தின்று கொழுத்ததும் அது தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். நீங்கள் பூண்டு கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். இறங்கியது பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு சுற்றிலும் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று நூறு இருநூறாகப் பிரியும். சில நாளில் வெடிக்கிற கூடும் உண்டு, நாலு வாரம் எடுக்கிற கூடும் உண்டு. ஒரே நாளில் கட்டிய கூடுகள்கூட ஒரே நாளில் வெடிக்காது. பெரும்பாலும் விடிவதற்கு முன்னால், இருட்டில்தான் குட்டிகள் வெளியே வரும், அந்த நேரம் உங்கள் மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். நீந்துகிற குட்டிக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள், அதற்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும். கடலில் அது கிடைப்பது அபூர்வம். 300 லிட்டரில் கிடைக்காமல் எங்கே போகும்?

ஆக, உடம்பில் புள்ளி இல்லாத அந்த ஒரு வாரம்தான் உங்கள் தொட்டியில் ஒட்டுண்ணி அதிகமாக இருந்த வாரம். பூண்டு பாவம், அதன் மேல் தப்பில்லை.

மருந்து பிடிப்பதும் நீந்துகிற அந்தப் பருவத்தில் மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதைக் காப்பர் தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. இறால் மீனின் மேல்தோலைச் சுத்தம் செய்யும், தோலுக்குள் இருப்பதைத் தோண்டி எடுக்காது. அதுவும் இப்போது பெருகி இருக்கிற எண்ணிக்கைக்கு இறால் எந்த மூலைக்கு? கோரலுக்கு ஒன்றும் ஆகாது என்கிற பாட்டில்கள் பெரும்பாலும் ஒட்டுண்ணிக்கும் ஒன்றும் ஆகாத பாட்டில்கள். என் அலமாரியில் நாலு இருக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லா மீனையும், ஒன்று விடாமல், வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே காப்பர். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் காலியாக விட வேண்டும், 76 நாள். கூடு 72 நாள் கழித்து வெடித்ததாகவும் பதிவு இருப்பதால்தான் அந்த 76.

நண்டுநடை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், பழைய_தொட்டி அண்ணன் கோபிக்க வேண்டாம். என் தொட்டியிலும் இதே வெள்ளைப்புள்ளி வந்தது, நான் ஒரு மீனைக்கூட வெளியே எடுக்கவில்லை. பெரிய யூவி (தண்ணீரில் மிதக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) போட்டேன், ஒரு நாளைக்கு மூன்று வேளை நல்ல தீனி, சண்டை போடும் மீனை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. தாக்குப்பிடித்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது என்பது ஆய்வில் பார்த்த விஷயம்தானே. கோரல் நிறைந்த தொட்டியில் ராஸைப் பிடிக்கிறேன் என்று பாறையை எல்லாம் பிரித்துப் போட்டு, அந்த அதிர்ச்சியிலேயே பாதி மீனைக் கொன்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஹாஸ்பிடல் டேங்க் (நோய் மீனை வைக்கும் தனித் தொட்டி) என்ற பெயரில் அம்மோனியா தொட்டி வைத்துக் கொன்றவர்கள் இன்னும் அதிகம்.

மீன் நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

பழைய_தொட்டி:

அடங்கியது, போகவில்லை. அடுத்த புது மீன் வரும்போது, இல்லை ஒரு நாள் கரண்ட் போய் வெப்பம் இறங்கும்போது தெரியும். ஆனால் ஹாஸ்பிடல் டேங்கில் அம்மோனியாவால் சாகிற மீன்தான் அதிகம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், நானே கொன்றிருக்கிறேன்.

கடல்குதிரை_9:

சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. உப்புக்காற்று, நீங்கள் புள்ளியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. போய் ஒரு நிமிடம் நின்று செவுள் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணவே முடியாத வேகத்தில் அடிக்கிறதா? மீன்கள் பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்ப்) முன்னால் நீரோட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கின்றனவா? விளக்குப் போட்டால் ஒளிந்துகொள்கின்றனவா? புள்ளி உப்புக்கல் அளவா, இல்லை பவுடர் தூவின மாதிரி மிக நுண்ணியதா? முக்கியமாக, டாங்குக்குப் பிறகு புதிதாக ஏதாவது உள்ளே போனதா?

இதற்குப் பதில் தெரியாமல் "ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்வது ஆபத்து.

உப்புக்காற்று:

எழுதவே கை நடுங்குகிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். சொல்ல மறந்துவிட்டேன், ஆறு நாளுக்கு முன்னால் மூன்று பச்சை குரோமிஸ் மீன் விட்டேன் (ஆமாம், டாங்குக்கு நோய் போய்விட்டது என்ற நம்பிக்கையில்). அதில் ஒன்று நேற்று செத்தது, கடையிலிருந்து வந்த களைப்பு என்று விட்டுவிட்டேன். இன்று காலை கிராமா செத்துக் கிடக்கிறது. அதன் மேல் இரண்டே இரண்டு புள்ளிதான் இருந்தது! க்ளவுன் இரண்டும் பவர்ஹெட் எதிரில் அப்படியே நிற்கின்றன, வாய் திறந்தபடி. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு 140-க்கு மேல். நேற்று இரவு கூடச் சாப்பிட்டன, இன்று தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாங்கின் உடம்பில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் தூசி படிந்த மாதிரி மங்கலாகத் தெரிகிறது. கோபியைக் காணவே இல்லை.

கடல்குதிரை_9:

இது வெல்வெட். வெள்ளைப்புள்ளியும் சேர்ந்தே இருக்கலாம், ஆனால் இப்போது கொல்வது வெல்வெட். அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்கிற வேறொரு ஒட்டுண்ணி. முதலில் செவுளைத்தான் பிடிக்கும், அதனால்தான் உடம்பில் ஒன்றும் தெரியாமலேயே மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. ஒரு கூடு பிரிந்து 256 வரை குட்டிகளை விடும், வெள்ளைப்புள்ளிக் குட்டி மாதிரி ஒன்றிரண்டு நாளில் சாகாது, நாட்கணக்கில் நீந்திக்கொண்டே இருக்கும். இதில் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. இன்று இரவுக்குள் மீன்கள் வெளியே வர வேண்டும்.

குரோமிஸ் செத்ததே, அதன் பக்கவாட்டில் சிவப்புப் புண் இருந்ததா? இருந்தால் அது யூரோனீமா என்கிற இன்னொரு ஒட்டுண்ணி, அதற்குக் காப்பர் கேட்காது. புண் இல்லை என்றால் வெல்வெட் என்றே வைத்துக்கொள்வோம்.

நண்டுநடை:

வெல்வெட் என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எடுத்துவிடுங்கள், யோசிக்காதீர்கள்.

உப்புக்காற்று:

சிவப்புப் புண் எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது பழைய 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஹீட்டர், ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது வடிகட்டும் தொட்டியில் கிடந்தது). காப்பர் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறேன். வரிசையாகச் சொல்லுங்கள்.

பழைய_தொட்டி:

60 லிட்டர் போதாதுதான், டாங்குக்கு ரொம்பவே சின்னது, ஆனால் இன்று அதைப் பார்க்க முடியாது. நாளை பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடைத்தால் அதற்கு மாற்றுங்கள், கண்ணாடிதான் வேண்டும் என்று இல்லை. இடத்தைப் பாருங்கள்: பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், குறைந்தது 3 மீட்டர் தள்ளி, முடிந்தால் வேறு அறை. வெல்வெட் குட்டி தண்ணீர்த் திவலையோடு காற்றில் போய் இன்னொரு தொட்டியில் இறங்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். வலை, கப், குழாய், எல்லாம் தனித்தனி. இரண்டுக்கும் ஒரே ஈரக் கையை விடாதீர்கள்.

மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் எல்போ நாலைந்து போடுங்கள், டாங்குக்கு அகலமான துண்டு. தண்ணீர் புதிதாகக் கலக்கியது, உப்பு அளவும் வெப்பமும் பெரிய தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். அந்த ஸ்பாஞ்சை அப்படியே போடுங்கள், அதில் நோய் ஒட்டியிருந்தால் இருக்கட்டும், மீனே நோயோடுதானே வருகிறது, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் இருப்பது பெரிய உதவி. காற்று பலமாக விடுங்கள், ஏர் ஸ்டோன் இரண்டு. ஃபில்டரில் கார்பன் போடாதீர்கள், காப்பரை இழுத்துவிடும். யூவியும் வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் நன்னீர்க் குளியல். ஆர்ஓ தண்ணீரை வாளியில் எடுத்து அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா சேர்த்து பிஹெச்சைத் தொட்டியளவுக்கு உயர்த்தி, அரை மணி நேரம் காற்று விட்டு, மீனை 5 நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், போனைப் பார்க்காதீர்கள். மீன் ஒரு பக்கம் சாய்ந்து படுக்கும், முதல் முறை பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் மூச்சே இழுக்கவில்லை என்றால் உடனே எடுங்கள். இது நோயைக் குணப்படுத்தாது, செவுளில் இருக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் குறைத்து ஒன்றிரண்டு நாள் அவகாசம் வாங்கித் தரும். மிகவும் சோர்ந்து கிடக்கிற மீனுக்குக் குளியல் வேண்டாம், நேராகக் காப்பர்.

காப்பரில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். சந்தையில் இரண்டு வகை. கட்டிய காப்பர், அதாவது வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்தது (கீலேட்), அதற்கு இலக்கு 2.25-லிருந்து 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கட்டாத வகைகளுக்கு இலக்கு அதைவிடப் பல மடங்கு குறைவு, 0.5 பிபிஎம் என்று எழுதியிருக்கும் பாட்டிலும் உண்டு. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால், ஒன்று மீன் சாகும், இல்லை ஒட்டுண்ணி சிரிக்கும். எந்த பாட்டில் கையில் இருக்கிறதோ அதன் லேபிள்தான் சட்டம். வண்ணம் பார்த்து ஒப்பிடும் டெஸ்ட் கிட்டை நம்பி என் தூக்கம் போனது, கட்டிய காப்பருக்கு ஹன்னா ஹை ரேஞ்ச் செக்கர் (அளவை எண்ணில் காட்டும் கருவி) இருந்தால் இரவல் வாங்கியாவது வையுங்கள். சாதாரண வெள்ளைப்புள்ளி என்றால் இரண்டு நாளில் மெதுவாக ஏற்றலாம், வெல்வெட்டில் அவ்வளவு நேரம் இல்லை, முதல் நாளே பாதிக்கு மேல் கொண்டுபோய் மறுநாள் இலக்கைத் தொடுங்கள். தொட்ட பிறகு 30 நாள், ஒரு நாள்கூட கீழே இறங்காமல். இறங்கினால் அன்றிலிருந்து மறுபடி முதல் நாள்.

ஹைப்போ, அதாவது உப்பை 1.009-க்கு இறக்கும் வைத்தியத்தை யாராவது இடையில் சொல்வார்கள். வெள்ளைப்புள்ளிக்கு அது நடக்கும். வெல்வெட்டுக்கு நடக்காது. அதேபோல 3 நாளைக்கு ஒரு முறை தொட்டி மாற்றும் முறையும் வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்தான்.

தூங்காத_மீன்:

பிடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதுதான் பாதி வேலை. பகலில் வலையோடு துரத்தினால் சிக்ஸ்லைன் உங்களைப் பைத்தியமாக்கிவிடும். க்ளவுன், டாங் சுலபம், அவை நீரோட்டத்தில்தான் நிற்கின்றன, பெரிய ஜாடியால் மொண்டு எடுங்கள், வலையில் டாங்கின் வாலருகே இருக்கும் முள் சிக்கிக்கொள்ளும். ராஸுக்கு, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள், ஏதாவது இடுக்கில் சளிப்போர்வைக்குள் தூங்கும், அந்தப் பாறையோடு சேர்த்துத் தூக்கி வாளிக்குள் உதறுங்கள். இல்லையென்றால் தண்ணீரை முக்கால் பங்கு இறக்குங்கள், அந்தத் தண்ணீரைச் சுத்தமான டிரம்மில் பிடித்து வைத்துத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். கோரல் அரைமணி நேரம் வெளியே நின்றால் ஒன்றும் ஆகாது, கடலில் நீர் வற்றும்போது நிற்கிறதே.

கோபி மணலுக்கு அடியில் குழி தோண்டி இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

உப்புக்காற்று:

நாலாவது நாள். மன்னிக்கவும், எழுத நேரமே இல்லை. முதல் இரவு இரண்டு மணி வரை பிடித்தோம். மீதி இரண்டு குரோமிஸும் வாளியிலேயே போய்விட்டன. டாங் மறுநாள் மதியம் செத்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை, வீட்டில் எல்லோருக்கும் அதுதான் செல்லம். க்ளவுன் இரண்டும், ராஸும் உயிரோடு இருக்கின்றன. காப்பர் 2.3-ல் நிற்கிறது, கட்டிய வகைதான் கிடைத்தது. க்ளவுன் மூச்சு இன்று 90. பெரியது கொஞ்சம் மைசிஸ் (குட்டி இறால் மாதிரி இருக்கும் தீனி) தின்றது.

கோபியைப் பாறையை எல்லாம் எடுத்துப் பார்த்தும் காணோம். செத்திருக்கும், ஹெர்மிட் நண்டுகள் தின்றுவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை: அம்மோனியா 0.5 காட்டுகிறது. தண்ணீர் மாற்றினால் காப்பர் இறங்குகிறது. அம்மோனியாவைக் கட்டும் திரவம் ஊற்றலாமா?

கடல்குதிரை_9:

நிறுத்துங்கள்! காப்பர் இருக்கும் தண்ணீரில் அந்தத் திரவங்களை ஊற்றாதீர்கள். அதில் பல காப்பரோடு வினை புரிந்து அதை மீனுக்கு இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும். காப்பரோடு சேரும் என்று பாட்டிலிலேயே எழுதியிருந்தால் ஒழிய தொடாதீர்கள்.

வழி இதுதான்: மாற்றப்போகும் புதுத் தண்ணீரில் முதலிலேயே 2.3 அளவுக்குக் காப்பர் கலந்து, அளந்து பார்த்து, அப்புறம் மாற்றுங்கள். அப்படிச் செய்தால் பாதித் தண்ணீரை மாற்றினாலும் அளவு இறங்காது. தீனியைக் குறையுங்கள், தின்னாததை ஐந்து நிமிடத்தில் உறிஞ்சி எடுங்கள். காப்பரில் மீனுக்குப் பசி மந்தமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். ராஸ் காப்பரை அவ்வளவாகத் தாங்காது, அதன் மேல் ஒரு கண் வையுங்கள், ஒரே இடத்தில் கிடந்து இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் இங்கே எழுதுங்கள்.

டாங்குக்கு வருத்தம். அந்த இனத்துக்குத்தான் எப்போதும் முதலில் வருகிறது.

நண்டுநடை:

பெரிய தொட்டியில் இப்போது நத்தை, இறால், கோரல் மட்டும்தானே. தினம் துளி தீனி போடுங்கள், இறால் பட்டினி கிடக்க வேண்டாம், பாக்டீரியாவும் சோர்ந்து போகாது. இந்த இடைவெளியில் புதிதாகக் கோரல் துண்டோ நத்தையோ வாங்கிப் போட்டீர்கள் என்றால் கணக்கு பாழ். ஓட்டின் மேலும் கூடு ஒட்டிக்கொண்டு வரும், அதற்கும் தனியாக மீனில்லாத தொட்டியில் அதே காத்திருப்புதான்.

உப்புக்காற்று:

24-ஆவது நாள். நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்திருக்க வேண்டும். க்ளவுன் இரண்டும் நாய்க்குட்டி மாதிரி தீனிக்கு முட்டுகின்றன, ராஸ் எல்போவுக்குள் ஒரு வீடு பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறது. அம்மோனியா அடங்கிவிட்டது. காப்பர் தினமும் அளந்து நோட்டில் எழுதுகிறேன், 2.25-க்குக் கீழே ஒரு நாளும் போகவில்லை.

நேற்று இரவு பெரிய தொட்டியில் தண்ணீர் கூட்டப் போனேன். சும்மா டார்ச் அடித்தேன். ஹேமருக்குக் கீழே, நான் மூன்று முறை தூக்கிப் பார்த்த அதே பாறைக்கு அடியில், இரண்டு கண். கோபி! குண்டாக, மஞ்சள் மஞ்சளென்று, ஒரு புள்ளி இல்லாமல் என்னைப் பார்க்கிறது. இறாலுக்குப் போட்ட தீனியை எல்லாம் யார் தின்றார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் அங்கேயே இருந்து ஒன்றும் ஆகவில்லையே, தொட்டியில் நோய் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? எண்ணிய 24 நாளும் வீணா?

தூங்காத_மீன்:

நான் சொன்னேனா இல்லையா.

பழைய_தொட்டி:

வீண்தான் தம்பி. மீன் இல்லாத நாள் என்று ஒன்றுமே இன்னும் வரவில்லை. கோபி நன்றாக இருப்பது அது தப்பித்தது என்பதற்கு ஆதாரம், தொட்டி தப்பித்தது என்பதற்கு இல்லை. ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்த மீன், செவுளில் நாலைந்து ஒட்டுண்ணியை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் நடமாடும். அதைத்தான் மேலே நண்டுநடையும் நானும் வேறு வேறு விதமாகச் சொன்னோம். அது ஒன்று போதும், சங்கிலி அறாமல் இருக்க.

அதையும் எடுங்கள். க்ளவுன் இருக்கும் தொட்டியில் விடாதீர்கள், அவை 30 நாளை முடிக்கப் போகின்றன, இதற்காக அவற்றையும் இன்னொரு மாதம் காப்பரில் ஊற வைக்க வேண்டாம். கோபிக்கு 30 லிட்டர் டப் ஒன்று போதும், மூடி அவசியம், எகிறிக் குதிக்கிற ஜாதி. க்ளவுன் முடித்ததும் காப்பர் இல்லாத சுத்தமான தொட்டிக்கு மாற்றி அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தொட்டி தயாராகும்வரை. அங்கே இரண்டு வாரம் போனதும் புழுவுக்கு ஒரு முறை பிராசிகுவான்டெல் கொடுத்துவிடலாம், செவுள் புழுவுக்குக் காப்பர் கேட்காது.

உப்புக்காற்று:

எப்படிப் பிடிப்பது? பாறையைத் தூக்கினாலே மணலுக்குள் போய்விடுகிறது.

தூங்காத_மீன்:

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக அதற்குள்ளேயே சொருகுங்கள், மைசிஸ் இரண்டு போட்டு குழி வாசலில் படுக்க வையுங்கள். இறாலுக்கு இரண்டு நாள் தீனி போடாதீர்கள். இறால் முதலில் வந்து மாட்டும், அதை எடுத்து விட்டுவிட்டு மறுபடி வையுங்கள். என் கோபி மூன்றாம் நாள் மாட்டியது.

உப்புக்காற்று:

இன்று காலை ஆறு மணிக்கு மாட்டியது. பாட்டிலுக்குள் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது, கூட ஒரு இறாலும். இறாலைத் திரும்ப விட்டாயிற்று, கோபி டப்பில் இருக்கிறது, மூடி போட்டாயிற்று. மணலை முழுக்கக் கையால் துழாவிப் பார்த்துவிட்டேன், இனி ஒருவரும் இல்லை. காலண்டரில் இன்றைய தேதிக்கு மேல் 1 என்று எழுதியிருக்கிறேன்.